பேச்சியின் பாஸ்போர்ட்

கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் பெண்கள் சுமையைத் தலையில் வைத்துத்தான் நடப்பார்கள். பேச்சி மட்டும் வேறு மாதிரி. சுக்குக் கூடையில் கயிறு கட்டி, கயிற்றை உச்சந்தலையில் மாட்டி, கூடையை முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பாள்.

"என்னடி இது, கொரங்கு குட்டியச் சொமக்கிற மாதிரி?" என்று முப்பிடாதி கேலி செய்வாள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. பேச்சியோடு ஒரே கிடங்கில் சுக்கு சுத்தம் செய்கிறவள்.

"ரெண்டு கையும் கொழுந்து பறிக்க வேணும்ல அக்கா."

"இங்க ஏதுடி கொழுந்து?"

"என் தலைக்கு அது இன்னும் தெரியல."

பேச்சி பிறந்தது இலங்கை மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில். எழுபத்துநாலாம் வருஷம், பத்தொன்பது வயதில், அப்பனோடு கப்பலேறி இராமேசுவரம் வந்து இறங்கினாள். இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியா கொடுத்த பாஸ்போர்ட் கையில் இருந்தது. மண்டபம் முகாமில் அப்பன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். பிழைப்பு அவளை அங்கே இங்கே தள்ளி, கடைசியில் மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கின் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது.

அங்கே மேலாளராக இருந்தவர் வெங்கிடராமன். பாலக்காட்டிலிருந்து வந்து பக்கத்துச் செர்லாயில் வீடு கட்டிக்கொண்டவர். வேலை கேட்டு வந்த பேச்சி, மடியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து அவர் மேஜைமேல் வைத்துவிட்டு, கூடையை எடுக்கப் போனாள்.

"ஏய் குட்டி, இது எனக்கு எதுக்கு?"

"ஆபீஸ்ல இருக்கட்டும் சாமி."

தோட்டத்தில் அப்படித்தான். பிறப்புச் சீட்டு, கல்யாணச் சீட்டு எல்லாம் தோட்டத்து ஆபீசில், தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிளாக்கர் ஐயாவின் பெட்டியில் இருக்கும். லயத்துக் கூரையில் மழை ஒழுகும். அங்கே காகிதம் தங்குமா? தன் பெயர் எழுதிய காகிதத்தைத் தானே வைத்துக்கொள்வது என்ற எண்ணமே அந்தச் சனங்களுக்குக் கிடையாது. வேலை கொடுக்கிற இடம் எதுவோ, காகிதத்துக்கும் அதுவே வீடு.

எண்பத்தொன்றில் கிடங்கு கைமாறியபோது வெங்கிடராமன் அவளைக் கூப்பிட்டார். "நான் ஆத்தோட இருக்கப் போறேன். ஒன் சாதனத்தை, அந்த பாஸ்போர்ட்டை, வாங்கிண்டு போ." அதற்கு முந்திய மழைக்காலத்தில்தான் அவள் புருஷன், மகள் கங்காவின் அப்பன், தோப்பும்படி மீன்துறையிலிருந்து படகில் போய்த் திரும்பாமல் போயிருந்தான். இடுப்பில் நாலு வயதுக் கங்காவும், கண்ணில் தீராத நீருமாக நின்ற பேச்சி, "உங்ககிட்டயே இருக்கட்டும் சாமி" என்று சொல்லிவிட்டாள். இரண்டு வருஷத்தில் அவர் காலமான செய்தி கிடங்குக்கு வந்தது. காகிதமும் அவரோடு சாம்பலாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

எண்பத்தைந்தாம் வருஷம். அக்கரை இலங்கையில் கலவரம் மூண்டு, ஜனங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடல் தாண்டி வந்துகொண்டிருந்த காலம். முகாமில் பதிந்துகொண்டவர்கள் உண்டு, பதியாமல் ஊருக்குள் கலந்தவர்களும் உண்டு. துறைமுகமும் கடற்படையும் உள்ள ஊரில் யார் எவர் என்று தெரியாமல் போலீஸ் தூங்க முடியுமா? பஜாரில் ஒவ்வொரு கிடங்காக விசாரித்து வந்தார்கள்.

பேச்சியின் தலைக்கயிற்றைப் பார்த்த சப்-இன்ஸ்பெக்டர் நின்றுவிட்டார். முன்பு மலைத் தோட்டங்கள் பக்கம் வேலை பார்த்தவர். இலங்கையிலிருந்து வந்தவர்கள் அப்படிச் சுமப்பதை அங்கே பார்த்திருந்தார்.

"நாடு எவிடயா?"

சொந்த ஊர் திருநெல்வேலி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார். பேச்சிக்குப் பொய் வரவில்லை.

"சிலோன், சாரே. வந்து பதினோரு வருசம் ஆச்சு."

"பேப்பர் உண்டோ?"

"ஆபீஸ்ல குடுத்தேன். வாங்கி வச்ச சாமி செத்துப் போச்சு."

கூட வந்த கான்ஸ்டபிள் சிரித்தார். "நல்ல ஆளு, சாரே. சாட்சி பரலோகத்தில்."

காவல் நிலையத்தில் இன்னும் மூன்று பெண்கள் உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். காகிதம் இல்லாதவர்கள் மண்டபம் முகாமுக்குப் போக வேண்டும். விசாரணை முடிய ஒரு மாதமும் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம். வண்டி நாலு மணிக்கு.

நாலு மணிக்குத்தான் பள்ளிக்கூடம் விடும். எட்டு வயதுக் கங்கா பையைத் தூக்கிக்கொண்டு நேரே கிடங்குக்கு ஓடி வருவாள். அப்பனைக் கடலுக்குக் கொடுத்த பிள்ளை. அம்மா எங்கே என்று கேட்டால் யார் என்ன சொல்வார்கள்?

பின்னாலேயே வந்திருந்த முப்பிடாதி வாசலில் நின்று இடுப்பில் கை வைத்தாள். "சாரே, அந்தச் சாமி செத்தாலும் வீடு செத்துப் போகல. செர்லாய்ல அவுக சம்சாரம் இருக்காக. நான் போய்க் கேட்டுட்டு வரேன்."

சப்-இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மறுத்திருக்கலாம்.

"மூணரை வரை," என்றார்.

அந்த இரண்டு மணி நேரத்தைப் பேச்சி ஆயுள் முழுக்க மறக்கவில்லை. கான்ஸ்டபிள் ஒரு சாயா வாங்கி வந்து பக்கத்தில் வைத்தார். அது ஆடை கட்டி ஆறிப் போனது.

மூன்று இருபதுக்கு வாசலில் ஒரு குடை மடங்கியது. ஒன்பது கஜம் கட்டிய ஒரு மாமி, கக்கத்தில் பிஸ்கட் டப்பாவோடு படியேறினாள். வெங்கிடராமனின் மனைவி விசாலாக்ஷி. பேச்சி அவளைப் பார்த்ததே இல்லை. பிறந்த நாள் முதல் போலீஸ் வாசலை மிதித்தறியாத அந்த அம்மாள், பெஞ்சில் இருந்த நாலு பெண்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே பேச்சியிடம் வந்தாள்.

"நீதானேடி பேச்சி? எளைச்சுட்டாய். போட்டோவிலே கன்னம் உண்டு."

பேச்சி பெஞ்சிலிருந்து எழுந்தாள். "என்னை எப்படிம்மா..."

"நன்னா கேட்டாய் போ. வருஷா வருஷம் மேட மாசத்திலே வடாத்தோட ஒன்னையும் சித்திரை வெயில்லே போட்டு எடுக்கறேன். ஆபீஸ்லே எலி கடிக்கும்னு அவர் ஆத்துக்குக் கொண்டுவந்து பத்து வருஷமாச்சு. ஒன் மூஞ்சி நேக்குத் தெரியாதா?"

டப்பாவைச் சப்-இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்தாள். அவர் திறந்ததும், பூச்சி அரிக்காமலிருக்கப் போட்டிருந்த மிளகு மேஜையெங்கும் உருண்டது. அவருக்கு மூன்று தும்மல். நடுவில், துணியில் சுற்றி, ஒரு முனைகூட மடங்காமல் பாஸ்போர்ட் இருந்தது. காலாவதியாகி வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனால் தலைமன்னார் முத்திரையும் இராமேசுவரம் முத்திரையும் நேற்று குத்தியது போல் இருந்தன. உள்ளே அந்தப் பத்தொன்பது வயதுப் பெண், கன்னத்தோடு.

"போறப்போ அவர் ரெண்டே காரியம்தான் சொன்னார்," என்றாள் விசாலாக்ஷி. "கெணத்துக்கு மூடி போடு. பேச்சி வருவா, அவ சாதனத்தைக் கொடு. மூடி இன்னும் போடலை."

சப்-இன்ஸ்பெக்டர் முத்திரைகளைப் பார்த்துப் பெயரையும் எண்ணையும் எழுதிக்கொண்டார். "நிங்ஙள் இந்தியாக்காரியாணு. பொய்க்கோ," என்று போகச் சொல்லிக் கை காட்டினார். பிறகு, யாரிடமும் கொடுக்கக் கூடாதென்று பள்ளிப் பிள்ளையை அதட்டுவது போல் அதட்டினார்: "இனி ஆருக்கும் கொடுக்கருது. தன்னே வச்சுக்கணும்."

பேச்சி தலையாட்டினாள். ஆட்டிக்கொண்டே, பழக்க தோஷம், பாஸ்போர்ட்டை விசாலாக்ஷியிடம் நீட்டினாள். நிலையமே சிரித்தது. விசாலாக்ஷி சிரிக்கவில்லை. காகிதம் இருந்த அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் மூடிவிட்டாள். அப்போதுதான் பேச்சி அழுதாள். கங்காவின் அப்பன் போன பிறகு அவள் அப்படி அழுதது அன்றுதான்.

நாலு மணி தாண்டிக் கங்கா கிடங்குக்கு ஓடி வந்தபோது, அம்மா சுக்குக் குவியலுக்கு முன்னால் இருந்தாள். "ஏம்மா ஒன் மேலே மிளகு வாசனை?" என்று மட்டும் கேட்டது குழந்தை.

அதற்குப் பிறகு பஜாரில் எப்போது விசாரணை வந்தாலும், பாஸ்போர்ட்டோடு முதலில் எழுந்து நிற்பவள் பேச்சி. வந்த போலீஸ்காரருக்கு ஒரு சாயாவும் உண்டு. "ஜீப்பில ஏத்தப் பாத்தவனுக்கு சாயா வேறயா?" என்று முப்பிடாதி முறைப்பாள்.

"ஏத்தணும்னா அன்னைக்கே ஏத்திருப்பாங்க அக்கா. மூணரை வரைக்கும்னு ஒரு வார்த்தை சொன்னாரே."

பாஸ்போர்ட் இப்போது அவள் வீட்டில்தான், அதே பிஸ்கட் டப்பாவில். ஆனால் மேட மாதம் பிறந்து முதல் நல்ல வெயில் அடிக்கும் நாளில், கங்காவையும் கூட்டிக்கொண்டு செர்லாய்க்குப் போய்விடுவாள். மொட்டை மாடியில் வடாத்தட்டுக்குப் பக்கத்தில் பாஸ்போர்ட்டை விரித்து வைப்பாள். காக்காய் விரட்ட அதன் இரு பக்கமும் தாயும் மகளும் உட்காருவார்கள். எண்பத்தாறில் போனபோது விசாலாக்ஷி கால்வலியோடு கிணற்றடியைக் காட்டினாள். முப்பிடாதியும் பேச்சியும் கிடங்கிலிருந்து பலகை சுமந்து வந்து அடித்த புது மூடி அங்கே இருந்தது.

"ரெண்டு காரியமும் ஆச்சு," என்று விசாலாக்ஷி ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னாள். "கேட்டேளோ?"