கெங்கம்மாவின் சங்குச் சாவி

நெட்டுக்குப்பத்து கெங்கம்மா இதுவரை பத்துத் தடவை செத்திருக்கிறாள். பத்தும் அரசாங்கப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது, சந்தேகம் உள்ளவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். மாநில அவசரகால மேலாண்மை வாரியம் வருடா வருடம் கடலோரத்தில் நடத்தும் சுனாமி ஒத்திகையில் மூன்று பேர் சாக வேண்டும் என்பது விதி. கையில் கறுப்பு ரிப்பனைக் கட்டிக்கொண்டு மணலில் மல்லாந்து படுக்க வேண்டும். பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, அழக் கூடாது, ஒத்திகை முடிந்தது என்று அதிகாரி அறிவிக்கும்வரை எழுந்திருக்கவும் கூடாது. இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பிழைத்து வந்தவர்களுக்கு மட்டும்தான் பிரியாணிப் பொட்டலம் என்று எந்தப் புண்ணியவானோ எழுதிவைத்துவிட்டான். அதனால் ஊரில் யாரும் தானாகச் சாக முன்வர மாட்டார்கள். கெங்கம்மா மட்டும், “எம்பேர எழுதிக்கோ நைனா” என்பாள். பக்கத்து வீட்டு வேம்பு தன் பொட்டலத்தில் பாதியைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவாள் என்ற தைரியம்தான்.

சாவதற்கு முன்னால் அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஊர்க்கோடியில் ஓர் ஆள் மட்டும் நிற்கக்கூடிய அறையில் வாரியத்தின் சைரன் இருக்கிறது. ஊரில் அதைச் சங்கு என்பார்கள். அதன் சாவி பதினோரு வருடமாக கெங்கம்மாவின் சுருக்குப் பையில் கிடக்கிறது. ஒத்திகையன்று அவள்தான் பத்து இருபதுக்குக் கதவைத் திறந்து பொத்தானை அமுக்குவாள். ஊர் ஓடிப்போய்ப் புயல் பாதுகாப்புக் கட்டடத்து மாடியில் ஏறி உயிர் பிழைக்கும். அவள் அறையைப் பூட்டிவிட்டு நிதானமாகக் கரைக்கு வந்து, பத்து ஐம்பதுக்கு அலை வந்ததாகக் கணக்கு என்பதால், அந்நேரத்துக்குச் செத்துப்போவாள்.

சாவி அவள் கைக்கு வந்தது பெரிய தேர்வெல்லாம் வைத்து அல்ல. சங்கு வைத்த அன்று ஊர் ஆம்பளைகள் சாவிக்காக ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். வந்திருந்த அதிகாரி சலித்துப்போய், “பகல் முழுக்க ஊரிலேயே இருப்பது யார்?” என்று கேட்டார். கடலுக்குப் போகிறவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். விடிவதற்குள் கழிமுகத்து இறாலை வாங்கி, எண்ணூர் சந்தையில் விற்றுவிட்டு, எட்டு மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுகிறவள் கெங்கம்மா. அவள் கையில் சாவியைப் போட்டுவிட்டு அதிகாரி வண்டி ஏறிவிட்டார். இந்தப் பதினோரு வருடத்தில் ஒத்திகை இல்லாமல் மூன்று முறை அவள் சங்கை ஊதியிருக்கிறாள். இரண்டு புயலுக்கு. மூன்றாவது, அவள் புருஷன் லட்சுமணனின் படகு இருட்டிக்கொண்டு வந்த மழையில் திசை தெரியாமல் நின்றபோது. அதைப் பதிவேட்டில் ‘கருவிப் பரிசோதனை’ என்று எழுதச் சொல்லிவிட்டாள்.

வாரியத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அதன் அமைப்புப் படம் ஒன்றைக் கண்ணாடி போட்டு எல்லா ஊருக்கும் கொடுத்திருக்கிறார்கள். உச்சியில் தலைவர், அவருக்குக் கீழே துணைத் தலைவர், அப்புறம் இயக்குநர், அவருக்குக் கீழே முன்னெச்சரிக்கைக்கு ஓர் இணை இயக்குநர், மீட்புக்கு ஓர் இணை இயக்குநர், அதற்கும் கீழே மண்டலங்கள். அடி மூலையில், புள்ளிக் கோட்டின் முனையில், சின்னக் கட்டத்துக்குள் ‘ஊர்த் தன்னார்வலர்’ என்று இருக்கும். அதுதான் கெங்கம்மா. மேலே இருக்கிற கட்டங்களில் ஆள் நிலைப்பதே இல்லை. ஐந்து வருடத்தில் ஏழு இயக்குநர்கள். ஒவ்வொருவரும் வந்ததும் செய்யும் முதல் காரியம் தன்னார்வலர் போட்டுக்கொள்ளும் மேல்கோட்டின் நிறத்தை மாற்றுவது. ஆரஞ்சில் தொடங்கி பச்சை, நீலம் என்று கெங்கம்மா வீட்டில் எல்லாக் கோட்டும் உண்டு. ஆரஞ்சு, கோழிக்கூண்டுக்கு மழை மறைப்பு. பச்சையை லட்சுமணன் படகு எஞ்சினுக்குப் போர்த்தியிருக்கிறான்.

எட்டாவதாக வந்தவர் செல்வநாதன். இவர் மேல்கோட்டைத் தொடவில்லை. நேராகச் சாவியில் கை வைத்துவிட்டார்.

ஒத்திகைக்கு முதல் நாள் டில்லிபாபு வந்து நின்றான். மண்டல அலுவலகத்துக்காரன், வியாசர்பாடிப் பையன், வாரியத்தில் ஆறு வருடமாக மாற்றல் இல்லாமல் இருக்கிற ஒரே ஜீவன்.

“யக்கா, ஒரு பேஜாரான விசயம் கீது. கோச்சுக்காத.”

“இன்னா, இந்த வாட்டி இன்னா கலரு?”

“கலரு இல்லக்கா. சாவி.”

புது ஆணையை அவன் வாசித்துக் காட்டினான். ஒரே தலைமை, ஒரே பொத்தான். கரையோரத்து நாற்பத்தோரு சங்குகளும் இனி தலைமையகத்திலிருந்தே ஒலிக்கும். அங்கே உள்ள கருவி இயக்குநரின் கட்டைவிரல் ரேகைக்கு மட்டும்தான் திறக்கும். நாளைக்கு ஒத்திகை அப்படித்தான் நடக்கும், முடிந்த கையோடு ஊர்ச் சாவிகளை இயக்குநரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

“அப்ப கடலு உள்ள போறத நான் பாத்தா இன்னா பண்றது?”

“எனக்குப் போன் பண்ணணும். நான் மண்டலத்துக்குச் சொல்வேன். அவங்க மேல சொல்வாங்க.”

“அதுக்குள்ள தண்ணி எங்க வூட்டு அடுப்பாண்ட வந்துடும் நைனா.”

டில்லிபாபு ஆணையை மடித்துச் சட்டைப் பையில் செருகினான். அவனுக்கும் தெரியும். இருபது வருடத்துக்கு முந்தைய அந்த டிசம்பர் காலையில் கடல் பின்வாங்கியதை இந்த ஊரில் நிறையப் பேர் பார்த்தார்கள். யார் சொன்னால் ஊர் ஓடும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வலை அலசப் போயிருந்த கெங்கம்மாவின் தங்கையை மூன்றாம் நாள்தான் முகத்துவாரத்தில் எடுத்தார்கள். கெங்கம்மா இதை யாரிடமும் சொல்லி அழுவதில்லை. ஆனால் அந்தச் சாவி பையில் இருந்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

“நாளிக்கு நீ சங்குல கை வெக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணுக்கா. வெச்சியானா என் வேலை காலி.”

“சத்தியமா வெக்கமாட்டேன். ஆமா, அந்தக் காயிதத்துல இன்னா போட்டுகீது? பத்து அம்பதுக்குள்ள கட்டடத்துக்குப் போவாதவங்க எல்லாம் செத்தவங்கன்னு தானே?”

“ஆமாக்கா, பத்தி ஒம்போது.”

“சரி, போ.”

பாவம், சங்கைத் தவிர வேறு எதற்கும் அவன் சத்தியம் வாங்கவில்லை.

மறுநாள் காலை ஊர் மொத்தமும் கரையில் கூடியிருந்தது. சங்கு கேட்டால் ஓட வேண்டும், அதுதான் ஏற்பாடு. பத்து இருபது ஆயிற்று, சங்கு ஒலிக்கவில்லை. பத்து முப்பதுக்கு டில்லிபாபு வாக்கிடாக்கியைக் காதில் வைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடக்க ஆரம்பித்தான். அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் பாட்டுக்குப் புகை விட்டுக்கொண்டிருந்தன, கடல் பாட்டுக்குக் கிடந்தது.

“இன்னாடா ஆச்சு?” என்றாள் கெங்கம்மா.

“பொத்தானத் தொறக்க சாரோட கட்டவெரலு வேணுமாம்.”

“வெக்கச் சொல்றது.”

“சார் இங்க ஒத்திகை பாக்க வந்துகினு கீறாரு. டோல்கேட்டாண்ட கன்டெய்னர் லாரிங்களுக்கு நடுவுல மாட்டிகினாரு.” டில்லிபாபு குரலைத் தாழ்த்தினான். “கட்டவெரலும் அவரோட தான்க்கா கீது.”

வேம்பு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். கெங்கம்மா சிரிக்கவில்லை. தலைமையகத்தில் ஒரு மாற்று வழி இருந்தது. இணை இயக்குநர்கள் இருவரும் ஒரே நேரத்தில் விரலை வைத்தால் கருவி திறக்கும். ஒருவர் ஒத்திகையைப் பற்றித் தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். இன்னொருவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மணி பத்து நாற்பத்தெட்டு. கெங்கம்மா கறுப்பு ரிப்பனைக் கையில் சுற்றிக்கொண்டே ஊரைப் பார்த்துத் திரும்பினாள்.

“இன்னும் ரெண்டு நிமிசம் தான். யாருக்காச்சும் சங்கு கேட்டுச்சா?”

“இல்ல!” என்றது கூட்டம்.

“யாராச்சும் கட்டடத்துக்குப் போனீங்களா?”

“இல்ல!”

“அப்ப காயிதப்படி எல்லாரும் செத்தோம். படுங்க.”

டில்லிபாபு, “யக்கா, யக்கா” என்று கத்துவதற்குள் முதலில் வேம்பு படுத்தாள். அவள் பின்னாலேயே வேம்புவின் மாமியார், லட்சுமணன், வலைக்காரர்கள், கல்லூரிப் பெண்கள், ஊர்ப் பஞ்சாயத்தார் என்று வரிசையாகச் சாய்ந்தார்கள். சரியாகப் பத்து ஐம்பதுக்கு இருநூற்றுப் பதின்மூன்று பேர் மணலில் செத்துக் கிடந்தார்கள். ஒரு நாய் மட்டும் ஒவ்வொருவராக முகர்ந்து பார்த்துக்கொண்டு போயிற்று.

பதினொன்று ஐந்துக்கு இயக்குநரின் கார் வந்தது. செல்வநாதன் மடிப்புக் கலையாத சட்டையோடு இறங்கினார். கரையைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

“என்ன இது? யார் இங்கே பொறுப்பு?”

யாரும் பேசவில்லை. அவர் குனிந்து பஞ்சாயத்துத் தலைவரின் தோளைத் தட்டினார். தலைவர் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

“செத்தவங்க பேசக் கூடாது சார்,” என்றான் டில்லிபாபு. ஆணையைப் பிரித்து நீட்டினான். “பத்தி பன்னண்டு.”

இதற்குள் பிரியாணி செய்து கொண்டுவந்த அலி அக்பர் மூச்சிரைக்க ஓடி வந்தார். “சார், எரநூத்தி அம்பது பொட்டலம் ஆறிகினு கீது. உயிரோட வர்றவங்களுக்குத் தான் குடுக்கணும்னீங்க. ஒருத்தரும் வரல. நான் யாருக்கு சார் குடுக்கறது?”

செல்வநாதன் கைபேசியை எடுத்துத் தலைமையகத்தை அழைத்தார். முதலில் அதட்டினார், பிறகு கெஞ்சினார், கடைசியில் “இணை இயக்குநர் இரண்டு பேரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாருங்கள்” என்றார். மேற்கொண்டு செய்வதற்கு அவருக்கு ஒன்றும் இல்லை. வெயிலில் அத்தனை பேர் படுத்திருக்க, தான் மட்டும் நிற்பது கூச்சமாக இருந்ததோ என்னவோ, கெங்கம்மாவின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். எதிரே ஒரு தாய் தன் குழந்தை ஓடிவிடாமல் அதைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தாள். அவளையே அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்று பதினாலுக்குச் சங்கு ஒலித்தது. எழுந்து ஓடு, எழுந்து ஓடு என்று மூன்று முழு நிமிடங்கள் ஊரைக் கூப்பிட்டது. ஒருவரும் அசையவில்லை. மூடிய கண்ணுக்குள் கெங்கம்மாவுக்குத் தங்கையின் ஞாபகம் வந்தது, இமை ஓரம் நனைந்தது. பத்துத் தடவை செத்ததில் அவள் விதியை மீறியது அந்த ஒரு முறைதான்.

சங்கு ஓய்ந்த பிறகு செல்வநாதன் மெதுவாக எழுந்து ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கினார். “ஒத்திகை முடிந்தது” என்றார். “எல்லோரும் தயவுசெய்து எழுந்திருங்கள்.”

ஊர் எழுந்து, மணலைத் தட்டிக்கொண்டு, அலி அக்பரை நோக்கி நிஜச் சுனாமிக்குக்கூட ஓடாத வேகத்தில் ஓடியது. கெங்கம்மா மட்டும் சுருக்குப் பையை அவிழ்த்துச் சாவியை எடுத்து நீட்டினாள்.

“இந்தாங்க சார். ஒத்திகை முடிஞ்சதும் குடுக்கச் சொன்னீங்களாமே.”

அவர் சாவியைப் பார்த்தார், வாங்கவில்லை. “நீங்களாக இருந்தால் எத்தனை நிமிடம் ஆகும்மா?”

“ரெண்டு நிமிசம் சார். அடுப்ப அணைச்சுட்டுப் போனா மூணு.”

“ஊதியிருக்கலாமே. ஏன் ஊதவில்லை?”

“நீங்க ஊதக் கூடாதுன்னீங்க. காத்துகினு இருந்து செத்தோம்.” அவள் குரலில் குறும்பு போய்விட்டது. “எங்க ஊருக்கு இது ரெண்டாவது வாட்டி சார். மொத வாட்டி என் தங்கச்சி எய்ந்திருக்கவே இல்ல.”

செல்வநாதன் அவள் விரல்களை மடக்கிச் சாவியை அவள் கைக்குள்ளேயே வைத்து மூடினார். நாற்பத்தோரு ஊரிலும் சாவி ஊர்க்காரரிடமே இருக்கும், யாருக்கு முதலில் தெரிகிறதோ அவர் ஊதலாம், மேலிடத்துக்கு அப்புறம் சொன்னால் போதும் என்று அடுத்த வாரம் ஆணை வந்தது. அறிக்கையில் இறந்தவர்கள் மூன்று என்று திருத்தச் சொல்லி யார் யாரோ அவரிடம் சொல்லிப் பார்த்தார்களாம். இருநூற்றுப் பதின்மூன்று என்றே கையெழுத்துப் போட்டார். புது அமைப்புப் படமும் வந்தது. அதில் கெங்கம்மாவின் கட்டத்துக்குப் புள்ளிக் கோடு போய் முழுக்கோடு வந்திருந்தது. நடுவில் டில்லிபாபுவின் கட்டத்தைக் காணோம். அச்சுக்காரன் தவறு என்று அவன் இன்னும் மனு எழுதிக்கொண்டிருக்கிறான்.

நல்லது செய்தவரை வாரியம் எத்தனை நாள் வைத்திருக்கும்? எட்டே மாதத்தில் செல்வநாதனுக்கு மாற்றல் வந்துவிட்டது. போன வாரம் கெங்கம்மா இறாலை உரித்துக்கொண்டிருக்கும்போது டில்லிபாபு கைபேசியில் கூப்பிட்டான்.

“யக்கா, ஒம்போதாவது டைரக்டர் வந்துட்டாரு. கோட்டு ஊதா கலராம். ஆங்... அந்தச் சாவி விசயமா உங்கையில பேசணும்னாராம்.”

“வரச் சொல்லு நைனா,” என்றாள் கெங்கம்மா. “எத்தினி மணிக்கு சாவணும்னு மட்டும் கேட்டு சொல்லு. ஊருல எல்லாருக்கும் சொல்லணும்.”