வட்டவளையில் என் சைக்கிள்

வட்டவளைக் கடைத்தெருவில், தேநீர்க்கடைச் சுவரில் சைக்கிளைச் சாத்திப் பூட்டிவிட்டு உள்ளே உட்கார்கிறேன். கம்பளி போர்த்திய ஒருவர் அதையே சுற்றிச் சுற்றி வருகிறார். பிறகு குனிந்து சீட்டுக்கு அடியில் தடவுகிறார். தேநீரை அப்படியே வைத்துவிட்டு ஓடுகிறேன்.

"என்ன தேடுறீங்க?"

"இது ஒங்களுக்கு ஏதுங்க?" என்று திருப்பிக் கேட்கிறார்.

"போன மாசம் அட்டன்ல ஒருத்தர்கிட்ட வாங்குனேன்."

"தீவாளிக்கு முந்தி எங்க தோட்டத்து லயத்து வீட்டு வாசல்ல இருந்த சைக்கிளு காணாமப் போச்சுங்க. சீட்டுக்குக் கீழ மக பேரைக் கீறி வச்சிருந்தேன்."

அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட். அவர் நகத்தால் சுரண்டச் சுரண்ட, 'லெட்சுமி' என்ற பெயர் வெளியே வருகிறது. பூட்டைத் திறந்து விடுகிறேன்.

"வாங்க, அட்டனுக்கே போவோம். வித்த ஆளைக் காட்டுங்க."

ஒரு கையில் சைக்கிளையும், மறு கையில் என் சட்டையையும் பிடித்துக்கொண்டு நடக்கிறார்.