கூழுக்கு ஒரு கோப்பை

எனக்கு எண்பத்தொரு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நான் படித்தது மூன்றாம் வகுப்புத்தான். அதனால் நான் சொல்ல, பேத்தி சுபா எழுதுகிறாள்.

இன்று சுபாவோடு கம்பசில் படிக்கும் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ச் சாப்பிடப் போகிறார்கள். முதலில் எங்கள் வீட்டில் நண்டும் மீனும் போட்ட கூழ், அடுத்த வீட்டில் புட்டும் கறியும், கடைசி வீட்டில் பாயாசம். கூழ் குடிக்கும் ஓலைக் கிண்ணமான பிளா மடிப்பதற்காகச் சுபா பச்சைப் பனையோலை வெட்டி வந்தாள். அந்த மணம் என்னை நான் பிறந்து வளர்ந்த காங்கேசன்துறைக்கே கொண்டுபோய்விட்டது.

மிஷன் பள்ளிக்கூடம் விடுமுறை விடும்போது நாங்களும் இப்படித்தான் வீடு வீடாகச் சாப்பிட்டோம். எங்கள் வீட்டு முறையும் வந்தது. நாங்கள் கடற்றொழில் செய்யும் ஆட்கள். எங்கள் வீட்டுப் பாத்திரத்தில் வேறு சாதியார் வாய் வைப்பதில்லை.

"பிளாவிலை கூழ் குடுப்பம்," என்றார் அம்மா. "குடிச்சிட்டு எறிஞ்சிட்டுப் போகட்டும். ஒருத்தரும் வேண்டாமெண்டு சொல்லத் தேவையில்லை."

வாத்தியாரின் மகள் ராணியின் பிளா ஒழுகிச் சட்டையெல்லாம் கூழானது. எல்லோரும் சிரித்தார்கள். அவள் எழும்பிப்போய், கவிழ்த்து வைத்திருந்த எங்கள் கோப்பையை எடுத்து நீட்டினாள்.

"மாமி, இதிலை விடுங்கோ. நண்டுக்காலும் போடுங்கோ."

அம்மாவின் அகப்பை அப்படியே நின்றது. பிறகு கோப்பை வழிய வழிய வார்த்தார்.

சுபா மடித்த பிளாவும் ஒழுகுகிறது.

"அம்மம்மா, கோப்பை எடுக்கட்டே?"

"ஓம், எடு பிள்ளை. அதுக்கு முதல், ராணி கோப்பை நீட்டின இடத்தை ஒருக்கா வாசி, கேப்பம்."