மொட்டைக்குக் கிடைத்த ஒரு நாள் லீவு

டைபாய்டு வந்து போன பிறகு முடி கொட்டும் என்று நான் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். என் தலையிலேயே கொட்டியபோதுதான் அதன் அருமை தெரிந்தது. அதுவும் அந்த முடி என்னுடையது இல்லை, ஏற்கெனவே ஏழுமலையானுக்கு நேர்ந்துவிட்டது என்று அம்மா சொன்ன பிறகு.

சித்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டராகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம். மெட்ராஸும் ஆந்திராவும் எல்லையைப் பிரித்துக்கொண்டிருந்தன. திருத்தணி அந்தப் பக்கம், சத்தியவேடு இந்தப் பக்கம் என்று ஊர்கள் கைமாறின. ஊர்களோடு டாக்டர்களும் மாறினார்கள். மெட்ராஸ் பக்கம் வேண்டும் என்று கேட்டவர்கள் கிளம்பிப் போனார்கள், அவர்கள் இடத்துக்கு ஆள் வரவில்லை. எங்கள் ஊர் நாராயணவனத்துக்குப் பக்கத்தில். நிலமும் நைனாவும் அம்மாவும் இங்கே இருக்கும்போது நான் எங்கே போவது? இருந்துவிட்டேன். போனவர்களின் வேலையும் இருந்தவர்கள் தலையில் விழுந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் காய்ச்சல் வந்தது. முதலில் நான் அதை மதிக்கவே இல்லை. மாத்திரையை விழுங்கிவிட்டு வார்டுக்குப் போனேன். அடுத்த வாரம் நான் வேலை பார்த்த பெண்கள் வார்டிலேயே கடைசிக் கட்டிலில் என்னைப் படுக்கவைத்தார்கள். நினைவு தப்பிப் பிதற்றினேனாம், அதுவும் சுத்தத் தெலுங்கில். ஊரிலிருந்து வந்து கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா, பிதற்றுவது தன் பெண்தானா என்று பயந்துபோய், பிழைத்தால் மலைக்குக் கூட்டி வந்து மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டுவிட்டாள்.

காய்ச்சல் விட்டு நான் கஞ்சி குடிக்க ஆரம்பித்ததும் விஷயத்தைச் சொன்னாள். எனக்கு வந்த கோபத்துக்குக் கிண்ணம் பறந்திருக்கும். தூக்கத் தெம்பில்லாமல் தப்பித்தது.

"என்னைக் கேக்காம என் முடிய எப்பிடிம்மா நீ குடுப்ப?"

"கேக்கற மாதிரியா நீ படுத்துக்கினு இருந்த?"

"மூணு கத்திரி வெட்டி பூமுடி குடுத்துடலாம். எத்தனையோ பேர் அப்படித்தான் குடுக்கறாங்க."

"மொட்டைன்னுதான் வேண்டிக்கினேன். சாமிகிட்ட பேரம் பேசாத."

பார்க்க வந்த நைனா எனக்குக் கொஞ்சம் துணைக்கு வந்தார். "கல்யாணம் ஆவாத பொண்ணு. பாக்க வரவங்களுக்கு இன்னா பதில் சொல்றது?" என்றார்.

"முடி மொளைக்கும். பொண்ணு மொளைக்குமா?" என்றாள் அம்மா. நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

அம்மாவுக்கு அதில் இன்னொரு ஆசையும் இருந்தது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை மலைக்குப் போயிருக்கிறாள். சன்னதியில் நெரிசல் தாங்காமல் மாமியாரின் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, முதுகைத் தவிர ஒன்றையும் பார்க்காமல் வெளியே வந்துவிட்டாள். அதன் பிறகு மாடு, கழனி, பிள்ளைகள் என்று போக வாய்க்கவே இல்லை. "இந்தத் தடவ மொகத்த நல்லாப் பாத்துட்டுத்தான் வருவேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள்.

ஆனால் லீவு வேண்டுமே. ஒரு மாதம் ஓய்வு எடு என்று சொன்ன பெரிய டாக்டரம்மாவே பத்து நாளில் கூப்பிட்டு அனுப்பினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவரும் தனியாளாக அல்லாடிக்கொண்டிருந்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினேன். கோட்டுப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் வைத்துக்கொண்டு மறைவாக வாயில் போட்டுக்கொள்வேன். உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன் என்பதால் கேஸ் ஷீட்டெல்லாம் நின்றபடியே எழுதினேன். ஒரு நாள் ஒரு குழந்தையின் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடியவள் அப்படியே தூங்கிப்போனேன். விழித்தபோது குழந்தையின் தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். இவ்வளவு நேரம் பொறுமையாக எந்த டாக்டரும் பார்த்ததில்லையாம். சிரிக்கவும் தெம்பில்லை எனக்கு. குழந்தைக்கு மறுபடி முதலிலிருந்து பார்த்தேன்.

இப்போது நினைத்தால் அந்தக் களைப்புக்குக்கூட ஏக்கமாக இருக்கிறது. வார்டு வாசலில் நர்சம்மா நீட்டும் சூடான காப்பிக்காகவே காலையில் எழுந்து வந்த நாட்கள் அவை. அதைவிட ருசியான காப்பி பிறகு எங்கும் கிடைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து முடி கொட்டத் தொடங்கியது. தலையணையில், சீப்பில், சாப்பாட்டுத் தட்டில், பிரசவமானவளின் போர்வையில் என்று எங்கும் என் முடி. எனக்குச் சமைத்துப் போடுவதற்காக அறையில் தங்கியிருந்த அம்மா அரண்டுபோனாள். "இப்பிடியே கொட்டிக்கினு போனா மலையில செரைக்க இன்னா இருக்கும்? சாமிய ஏமாத்தினா மாதிரி ஆயிடும். சொரம் திரும்பி வந்துட்டா இன்னா பண்றது?" என்று புலம்பினாள். சீப்பை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள். தலை வாராமல் கொண்டை போட்டுக்கொண்டு நான் டூட்டிக்குப் போனேன். இந்த வாரம் லீவு கேட்கிறேன் என்பேன். அந்த வாரம் பார்த்து வார்டு நிரம்பி வழியும்.

கடைசியில் அம்மாவே பெரிய டாக்டரம்மா முன்னால் போய் நின்றாள். "ஜுட்டு மொத்தம் ராலிபோத்துந்தம்மா, ஒரே ஒரு நாளு லீவு இவ்வண்டி" என்று தனக்குத் தெரிந்த தெலுங்கையும் தமிழையும் கலந்து கெஞ்சினாள். முடியெல்லாம் கொட்டிப்போகிறது என்பதற்காக ஒருத்தி லீவு கேட்டதை அவர் அன்றுதான் பார்த்திருப்பார். சிரித்துவிட்டார். ஒரு நாள்தான், மறுநாள் காலையில் வார்டில் இருக்க வேண்டும் என்றார். நான் வெட்கத்தில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதல் பஸ்ஸில் கிளம்பித் திருப்பதி போய், அங்கிருந்து மலை பஸ் ஏறினோம். இரண்டிலும் நான் தூங்கினேன். மொட்டை போடும் இடத்தில் குனிந்து உட்கார்ந்தபோதும் கண் சொக்கியது. எல்லாம் முடிந்து தலையைத் தடவிப் பார்த்தேன். பிரசவ வார்டில் தினமும் என் கையில் வந்து விழும் தலைகளைப் போலவே இருந்தது. அத்தனை நாள் அம்மாவிடம் போட்ட சண்டை மறந்துபோய்ச் சிரித்துவிட்டேன். அம்மா குளத்தில் என்னை முழுக வைத்து, தலை முழுக்கச் சந்தனம் பூசினாள்.

உள்ளே பூஜை நடக்கிறது, கதவு திறக்க நேரமாகும் என்றார்கள். மண்டபத்தில் வரிசையாக உட்கார்ந்தோம். "செத்த சாஞ்சிக்கோ கண்ணு, தெறந்ததும் எழுப்பறேன்" என்றாள் அம்மா. அவள் மடியில் தலை வைத்ததுதான் தெரியும்.

கண் விழித்தபோது விளக்கு ஏற்றியிருந்தார்கள். மதியம் எங்களோடு உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவரும் இல்லை. என் தலைமேல் ஈரத்துண்டு. அம்மா உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை. தரிசனம் முடித்துப் பிரசாதத்தோடு எதிரில் வந்து உட்கார்ந்திருந்த ஒரு கிழவி என்னைப் பார்த்து, "நல்ல பொண்ணும்மா நீ! எத்தினி தடவ எழுப்பச் சொன்னேன். நான் பாத்துக்கறேன், நீயாவது போய் சாமியப் பாத்துட்டு வான்னேன். மடிய எடுத்தா முழிச்சுக்குவான்னு ஒங்கம்மா கேக்கவே இல்ல" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுபடி வரிசையில் போகலாம் என்று எழுந்தேன். வரிசை கண்ணுக்கெட்டிய தூரம் நின்றது. அதில் நின்றால் கடைசி பஸ்ஸை விட வேண்டியதுதான். அம்மா அதற்குள் காலை நீவி நீவி ரத்தம் ஓட வைத்துக்கொண்டு, பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டாள்.

பஸ் கீழே இறங்கத் தொடங்கியதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நானும் ஒரு டாக்டர், மறுநாள் சித்தூரில் பத்துப் பேரை அதட்டப் போகிறவள், மொட்டைத் தலையோடு பஸ்ஸில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். அம்மா அதற்குப் பிறகு மலைக்குப் போகவே இல்லை. முதலில் வயல் வேலை, பிறகு முழங்கால் என்று தள்ளிப்போய், வாய்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"எவ்ளோ ஆசையா வந்தம்மா. மொகத்தப் பாக்காமலே போறியே" என்றேன் அன்று, அழுகைக்கு நடுவில்.

"நீ நெனவில்லாம கெடந்தப்போ நான் அவரு மொகத்தயா கேட்டேன்? ஒன்னத்தான் கேட்டேன். குடுத்துட்டாரு" என்றாள் அம்மா. என் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "தூங்கு. காலைல டூட்டிக்குப் போவணும்."