குருசாமி அண்ணன் வீசிய மோதிரம்

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம், எங்கள் போடி நகராட்சிப் பூங்காவில் வைத்து, என் கணவரின் கல்யாண மோதிரத்தைக் கழற்றச் சொல்லி, அரை மணி நேரம் முன்புவரை யாரென்றே தெரியாத ஒருவர் விரலில் மாட்டி, "இப்ப வீசுங்க" என்றேன்.

வீசிவிட்டார்.

இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். ஏன் என்று கேளுங்கள்.

எனக்கு மெட்டல் டிடெக்டர் பைத்தியம் உண்டு என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு... ஒரு நீளக் கம்பி, அதன் அடியில் வட்டத் தட்டு, காதில் ஹெட்போன். தட்டைப் புல்லுக்கு மேலே ஆட்டிக்கொண்டே நடந்தால், உலோகம் இருக்கும் இடத்தில் சத்தம் போடும். நகராட்சியில் மனு எழுதிக் கொடுத்து முறையாக அனுமதி வாங்கியிருக்கிறேன். விரல் நீளத்துக்கு மேல் தோண்டக் கூடாது, தோண்டிய குழியை மூடிவிட வேண்டும், மதிப்பான பொருள் கிடைத்தால் ஆபீசில் ஒப்படைக்க வேண்டும். முதல் இரண்டையும் ஒழுங்காகச் செய்கிறேன். மூன்றாவதற்கு வாய்ப்பே வந்ததில்லை.

மூன்று வருடத்தில் என்னதான் கிடைத்தது? சோடா மூடி, ஊக்கு, சைக்கிள் சாவி. எல்லாவற்றையும்விட அதிகமாக ஜிகினாத் தாள். தங்கத்துக்கும் ஜிகினாத் தாளுக்கும் என் மெஷின் ஏறக்குறைய ஒரே குரலில்தான் கத்தும். ஆகவே கத்திய இடமெல்லாம் குனிந்தே ஆக வேண்டும். தங்கம் என்று உட்கார்ந்து, பாக்குப் பொட்டலத்தோடு எழுந்திருப்பதில் இந்தத் தாலுகாவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. வாக்கிங் வரும் பெண்கள், "என்னக்கா, இன்னைக்கு எத்தன மூடி?" என்பார்கள். என் கணவர் அதுகூடக் கேட்பதில்லை. துணைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து, இந்தப் பெண்மணி யாரோ என்கிற மாதிரி பேப்பர் படிப்பார்.

அன்றைக்கு நான் ஹெட்போனை மாட்டும்போதே ஒருவர் வேகமாக வந்தார். அறுபது வயதிருக்கும். வேட்டியில் முழங்கால் பக்கமெல்லாம் மண்.

"தங்கச்சி, இந்த மெசினு தங்கத்தக் காட்டுமா?"

பெயர் குருசாமி. ஏலக்காய் ஏல மண்டபத்தில் ஒரு வியாபாரிக்குக் காயின் தரம் பார்த்துச் சொல்பவர். முப்பது வருட சர்வீஸ்.

ஏல மண்டபத்தைப் பார்த்திருக்கிறீர்களா? சாம்பிள் ஒவ்வொன்றாக வரும். உள்ளங்கையில் கொட்டி, நிறம், பருமன், வாசம் எல்லாவற்றையும் ஒரு நொடியில் பார்த்துவிட்டு, கையில் இருப்பதை அப்படியே தரையில் வீசிவிடுவார்கள். அடுத்த சாம்பிள்... அதுவும் தரைக்கு. ஏலம் முடியும்போது தரையெங்கும் காய்தான். அதன் மேலேதான் நடப்பார்கள். பிறகு கூட்டி அள்ளிக்கொள்வார்கள். வெளியூர்க்காரர்களுக்குப் பார்த்தால் வயிறு எரியும். எங்களுக்கு அது தொழில்.

முப்பது வருடம் வீசிய கை, மண்டபத்துக்கு வெளியே மட்டும் சும்மா இருக்குமா? முந்தின நாள் சாயங்காலம் அண்ணன் இதே பூங்காவில் உட்கார்ந்து அவித்த கடலை தின்றிருக்கிறார். தோலையெல்லாம் உள்ளங்கையில் சேர்த்து, பழக்க தோஷத்தில் ஒரு பார்வை பார்த்து, வீசிவிட்டார். சர்க்கரை நோயில் விரல் மெலிந்து, நூல் சுற்றி இறுக்கிப் போட்டிருந்த மோதிரம். நூல் நைந்திருக்கிறது. மறுநாள் காலையில் குளிக்கும்போதுதான் விரல் வெறுமையாக இருப்பதைக் கண்டிருக்கிறார். காலையிலிருந்து புல்லைக் கையால் துழாவிக்கொண்டிருக்கிறாராம்.

"எம் பொண்டாட்டி செஞ்சு போட்டது தங்கச்சி. மலைக்குப் போயி காயெடுத்து, சிறுகச் சிறுகச் சேத்துச் செஞ்சது. அவ குனிஞ்சு எடுத்தத நான் உக்காந்த வாக்குல வீசிப்புட்டேன். அவளுக்கு இன்னும் தெரியாது. அஞ்சரைக்குத் தோட்டத்து ஜீப்பு அவள இந்த வாசல்ல எறக்கி விட்டுரும். கொஞ்சம் வெரசாப் பாரு ஆத்தா."

அப்போது மணி நாலரை.

கடலைத் தோல் சிதறிக் கிடந்த இடத்தை மூன்று முறை அலசினேன். இரண்டு மூடி, ஒரு ஊக்கு. மோதிரம் இல்லை. ஒவ்வொரு முறை நான் குனியும்போதும் அவரும் குனிந்தார். ஒவ்வொரு முறையும் அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. தோல் லேசு, பக்கத்திலேயே விழும். தங்கம் அங்கேயா விழும்? எங்கே விழும் என்று தெரிய, அதே கை, அதே வீச்சு, அதே கனத்தில் ஒரு மோதிரம் வேண்டும். என் மோதிரம் அவர் சுண்டுவிரலில்கூட ஏறாது. திரும்பிப் பெஞ்சைப் பார்த்தேன். கணவர் பேப்பரை மடித்தார்.

"எங்கப்பா போட்ட மோதிரம்தானே, கழட்டுங்க."

"உங்கப்பா போட்டதுங்கிறதாலதான் யோசிக்கிறேன்."

"மாப்ளே..." என்றார் குருசாமி அண்ணன். தங்கச்சி என்று கூப்பிட்டுவிட்டால் தங்கச்சி புருஷன் மாப்பிள்ளைதானே. மாப்பிள்ளை கழற்றிக் கொடுத்துவிட்டார்.

அண்ணன் முந்தின நாள் கடலை தின்ற பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளங்கையில் கடலைத் தோலை வைத்துக்கொண்டு, ஒரு நொடி பார்த்தார். கை தானாக வீசியது. என்ன வீச்சு... தோல் காலடியில் உதிர்ந்தது. மோதிரம் மின்னிக்கொண்டு பறந்து, அந்தப் பக்கம் குரோட்டன்ஸ் வேலியோரம் போய் மறைந்தது. நாங்கள் தேடியது எங்கே, அது விழுந்தது எங்கே!

ஓடினேன். முதல் சத்தம், ஜிகினாத் தாள். இரண்டாவது சத்தத்துக்கு மண்டியிட்டுப் புல்லை விலக்கினால், மஞ்சளாக ஒரு வளையம். எடுத்துத் துடைத்தேன். உள்பக்கம் 'பா' என்று ஓர் எழுத்து.

"பாண்டியம்மா..." என்று அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார் அண்ணன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான். மூன்று வருடம் மூடி பொறுக்கியதற்கு, என் முதல் தங்கம். எனக்குத் தலைக்கனம் வந்தது. இன்னும் இறங்கவில்லை.

"சரி, என்னோடது?" என்றார் கணவர்.

அது கிடைக்கவில்லை. வேலியின் அடித்தூரில் மெஷின் கத்துகிறது. ஆனால் தண்டுகளுக்கு நடுவே தட்டு நுழையவில்லை, என் கையை விட்டால் சருகுதான் வருகிறது. அதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது. இடுப்பில் சாக்கு கட்டிய ஒரு பெண்மணி இறங்கி, எங்களைப் பார்த்து, நேராக உள்ளே வந்தார்.

"இங்கன என்ன சோலி?"

"மாப்ள மோதிரம் விழுந்துருச்சு பாண்டி. தேடுறோம்" என்றார் அண்ணன், கிடைத்த மோதிரத்தை மாட்டிய கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. பொய் என்றும் சொல்ல முடியாது.

என் கணவர் வாய் திறந்து மறுக்கவில்லை. அந்த நிமிடம் அவரை எனக்கு ரொம்பப் பிடித்தது.

பாண்டியம்மாள் உட்கார்ந்தார். ஏலக்காய் உச்சியில் காய்க்காது. செடியின் காலடியில், தரையோடு தரையாகத்தான் காய்க்கும். இருட்டிய தோட்டத்தில் சருகுக்குள் கைவிட்டு, முற்றிய காயை மட்டும் தடவியே எடுக்கிற விரல்கள் அவை. கண் எங்கேயோ பார்த்திருக்க, கை உள்ளே போனது. நான் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் மோதிரத்தோடு வெளியே வந்தது.

"தங்கத்த வெரலுக்கு அளவாப் போடணும்ங்கய்யா" என்றார் என் கணவரிடம்.

"சரிங்கம்மா" என்றார் இவர், இருபது வருடமாக விரலில் பதிந்து கிடந்த மோதிரத்தை வாங்கிக்கொண்டு.

எழுந்தவர், தம் கணவரைப் பார்த்தார். "கைய ஏன் பின்னால கட்டியிருக்கீக? இங்கிட்டுக் காட்டுங்க." காட்டினார். விரல் இடுக்கில் மண், மோதிரத்தில் மண். "நூலு எங்க?"

அண்ணன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பாண்டியம்மாள் இடுப்புச் சாக்கின் ஓரத்திலிருந்து ஒரு பிரி சணலை உருவினார். மோதிரத்தைக் கழற்றி, சணலை நெருக்கமாகச் சுற்றி, அவர் விரலில் திருகி மாட்டிவிட்டார்.

"இனிமே வீசுறதா இருந்தா சொல்லிட்டு வீசுங்க. நான் எதுக்க நின்டுக்கிறேன்."

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே போனார்கள்.

நாங்களும் கிளம்பினோம். கேட்காமலே மெஷினைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்ட என் கணவர், வழியில் எதிர்ப்பட்ட மூன்று பேரிடமும் சொன்னார்... "நாங்க கண்டுபிடிச்சோம்!"