ஞானதுரை சார் போட்ட முடிச்சு

செவ்வாய்க்கிழமை காலை ஞானதுரை சாரின் மைத்துனர் தொலைபேசியில் அழைத்தார். “அத்தான் தவறிட்டாவ, அண்ணாச்சி. விடியக்காலம் நெஞ்சு வலிக்குன்னாவ. ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சுபோச்சு” என்றார். நான் ஆறுதல் சொல்ல வாயெடுப்பதற்குள் கேட்டார்: “உங்களுக்கு டை கட்டத் தெரியுமா?”

தெரியாது. எங்கள் கல்லூரியில் யாருக்கும் தெரியாது. அந்த அவசியத்தை ஞானதுரை சார் எங்களுக்கு வைத்ததில்லை.

அவர் வணிகவியல் துறை, நான் தமிழ்த்துறை. பாளையங்கோட்டையின் கத்தரி வெயிலிலும் டை கட்டித்தான் வகுப்புக்குப் போவார். ஊரில் எந்த மாப்பிள்ளை கோட்டு மாட்டினாலும் அவருக்கு ஆள் வந்துவிடும். டையை முதலில் தம் கழுத்தில் கட்டி, தளர்த்தி, தலைவழியாகக் கழற்றி மாப்பிள்ளைக்கு மாட்டுவார். பிறகு காலருக்குள் விரலை நுழைத்துப் பார்ப்பார். “ஒரு விரல் போவணும் வே. மூச்சு விடணும்லா.”

என் மகனின் திருமண வரவேற்புக்கு நான் வாங்கிய டை சிவப்பு, அதில் மஞ்சள் புள்ளிகள். வெகுநேரம் பார்த்தார். “கடைக்காரன் வித்தது சரி. நீரு எதுக்கு வே வாங்குனீரு?” டையின் நிறம் சட்டையைவிட அடர்த்தியாக இருக்கலாம், சத்தமாக இருக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. இருந்தும் கட்டிவிட்டார். வீட்டுக்குப் போனதும் அவிழ்த்துச் சுருட்டி வைக்கச் சொன்னார். முடிச்சோடு தொங்கும் பட்டுக்கு ஆயுசு கிடையாதாம். அவிழ்த்தால் மறுபடி யார் கட்டுவது? ஊரே செய்வதைத்தான் நானும் செய்தேன். முடிச்சோடு ஆணியில் மாட்டினேன்.

துக்க வீட்டுக்கு நான் போனபோது அவருக்குக் கோட்டு மாட்டியிருந்தார்கள். இழுப்பறையில் அவருடைய டைகள் எல்லாம் முறைப்படி அவிழ்த்துச் சுருட்டப்பட்டிருந்தன. ஒன்றில்கூட முடிச்சு இல்லை. முனைவர் பட்டம் பெற்ற இருவர் கைப்பேசியில் காணொளியை ஓடவிட்டுத் தங்கள் கழுத்தில் முயன்றுகொண்டிருந்தார்கள். ஒருவருக்கு மாட்டுக் கயிறு வந்தது. மற்றவரை நாங்கள்தான் விடுவிக்க வேண்டியிருந்தது. பெட்டியை மூட ஆட்கள் வந்து நின்றார்கள்.

அவர் மனைவி மெர்சி டீச்சர் அழுவதை நிறுத்திவிட்டு எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “கோயில்ல என் கையப் பிடிச்சன்னைக்கும் டையோடதான் நின்னாவ. டை இல்லாம அவியள அனுப்ப மாட்டேன்.”

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடினேன்.

திரும்பி வந்தபின், அந்தச் சிவப்பு டையை வெளியே எடுக்கவே கூச்சமாக இருந்தது. சாருக்கு இது பிடிக்காது என்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன். அவர் நிறத்தைப் பார்க்கவில்லை. முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.

“இது அவிய போட்டதா?”

“ஆமா டீச்சர்.”

“மாட்டுங்க.”

மைத்துனர் தலையைத் தூக்கிப் பிடித்தார். மாட்டி, முடிச்சைக் காலர்வரை ஏற்றினேன். இத்தனை வருடம் தொங்கியும் கோணாத முடிச்சு. அவர் சொன்னபடி கேட்டிருந்தால் அவருக்கு அன்று டை இல்லை.

காலருக்குள் விரலை நுழைத்துப் பார்த்தேன். கழுத்து குளிர்ந்திருந்தது. இனி அதற்குத் தேவையில்லை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு விரல் இடம் விட்டேன்.

போய் வாரும், சார்.