அத்தை நெற்றியில் சிவப்பு மை

ஏரியூர்ப் பக்கம் எங்கள் ஊர் ஏரி உடைந்த அன்று, நான் நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடமே ஆஸ்பத்திரி ஆகிவிட்டது. வெள்ளைக்காரன் ஆண்ட காலம். வீடுகளின் மண்சுவர்கள் ஊறிச் சரிந்ததில் அடிபட்டவர்களைக் கொண்டுவந்து வரிசையாகப் பாயில் கிடத்தியிருந்தார்கள். என் அத்தை, அப்பாவின் தங்கை, அதில் ஒருத்தி. சின்ன வயசிலேயே தாலி அறுத்து எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். பெரியவர்கள் எல்லாம் இடிபாட்டைத் தோண்டிக்கொண்டிருந்ததால் அவளுக்குத் தண்ணீர் கொடுக்க என்னை உட்காரவைத்தார்கள். என்னால் உட்கார முடியவில்லை. எழுவதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தேன்.

டாக்டர் ஒரே ஒரு பெட்டியோடு வந்தார். மாட்டுவண்டியும் ஒன்றுதான், இரண்டு பேரைத்தான் படுக்கவைக்கலாம். அவர் ஒவ்வொருவராக நாடி பிடித்து, வாத்தியாரின் சிவப்பு மையைத் தொட்டு நெற்றியில் குறி போட்டுக்கொண்டே போனார். இரண்டு கோடு என்றால் முதலில் வண்டி ஏற்ற வேண்டும். ஒரு கோடு என்றால் காத்திருக்கலாம். வட்டம் என்றால் பிழைக்கமாட்டார்கள். அசைக்காமல் தண்ணீர் மட்டும் கொடுக்க வேண்டும். வண்டியோடு வந்த கம்பவுண்டரிடம் மட்டும் இதைச் சொல்லிவிட்டு அடுத்த ஊருக்கு ஓடினார். எனக்கு இது தெரியவந்தது, நான் பிள்ளை பெற்ற பிறகு, அதே கம்பவுண்டர் வாயால்.

அத்தைக்கு வட்டம்.

பக்கத்துப் பாயில் அடுத்த வீட்டு மாமா. அவருக்கு இரண்டு கோடு. தொடை முறிந்து ரத்தம் நிற்கவில்லை. வாயும் நிற்கவில்லை.

"பாத்தியா பாப்பா, டாக்டரு எனக்கு நாமம் போட்டுட்டாரு. உங்க அத்தைக்குப் பாரு, பொட்டு வெச்சுப் புதுப்பொண்ணாட்டம் ஆக்கிட்டாரு!"

நாலைந்து பேர் வலியோடு சிரித்தார்கள். அத்தை என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தொடச்சுடு கண்ணு. ஊரே பாக்குது. தாலியறுத்தவ நெத்தியில என்னா பொட்டு?"

"டாக்டரு வைவாரு அத்தே."

"வஞ்சா வையட்டும். தொடைடி."

அவளுடைய வெள்ளைச் சீலை முந்தியில் எச்சில் தொட்டுத் துடைத்தேன். போகவில்லை. யாராவது வருகிறார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டு கட்டைவிரலால் தேய்த்தேன். நெற்றி வெளுத்தது. விரல் சிவந்தது.

கம்பவுண்டர் வந்து இரண்டு கோடு போட்ட ஒருவரை ஏற்றினார். அடுத்து மாமா. அப்போது அத்தை முனகினாள்.

"இந்தம்மாவுக்கு ஒண்ணுமே போடலியே? பாக்காம போயிட்டாரா?" என்று குனிந்து நாடி பிடித்தார். மாமாவைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார்.

மாமாதான் முடித்துவைத்தார். "அந்தப் பொண்ண ஏத்துங்க சார். நாமம் போட்டவன் அடுத்த நடைக்கு வரேன்."

அடுத்த நடை வரவில்லை. ஓடையில் தண்ணீர் ஏறிவிட்டது. மறுநாள் காலை டாக்டர் திரும்பி வந்தபோது மாமாவின் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள்.

"வட்டம் போட்ட அந்தம்மா எங்க?"

"வட்டமா? நெத்தி வெறுமையா இருந்துச்சுங்களே சார்" என்றார் கம்பவுண்டர்.

டாக்டர் காலிப் பாயைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் கையை மடக்கிக்கொண்டேன். அவர் அடுத்த பாய்க்குப் போனார்.

இரண்டு மாதம் கழித்து அத்தை தர்மபுரி ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே வீட்டுக்குள் வந்தாள். மாமாவின் மனைவி பார்க்க வந்தார். "எங்கூட்டுக்காரரு குடுத்த எடம் அம்மிணி. நீயாச்சும் நல்லா இருக்கணும்" என்று அத்தையின் நெற்றியைத் தடவினார். இரண்டு பேரும் அழுதார்கள்.

நான் கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை இறுக மூடிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். மை போய் எத்தனையோ நாளாகியிருந்தது. ஆனாலும் மையைத்தான் மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.